டைனமோப் பாட்டும் நாலு சோகியும்

சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றச் சுற்ற டைனமோவில் இருந்து வரும் கரண்டில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். 1990களின் முதற்பாதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. பெரியவர்கள் றேடியோவில் செய்தி கேட்பதற்காகச் சுற்றுவார்கள். செய்தி முடிந்தால் எங்கள் முறை. கசற் ஒன்றைப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பாட்டு என்று சுற்றுவோம். கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து இழுபடும். "சுத்தடா!" என்று யாராவது கத்த, குரல் திரும்ப நிமிரும்.

லண்டனில் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விரலால் தொட்டால் உலகத்துப் பாட்டெல்லாம் வரும். ஆனால் வெம்பிளியிலோ ஈஸ்ற்ஹாமிலோ எங்கள் வீடுகளுக்குள் ஒருக்கால் வந்து பாருங்கள். அம்மம்மா அறைக்குள் பக்திப் பாடல் கேட்கிறார். தாய் குசினியில் இளையராஜா கேட்கிறார். தகப்பன் காருக்குள் மட்டும் ஏதோ கேட்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளை காதுக்குள் இரண்டு வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு என்ன கேட்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக்குள் நாலு பாட்டு, ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்பதில்லை.

இதையெல்லாம் நாங்கள் பெரிதாக யோசித்தது கிடையாது. பார்க் றோயல் பக்கம் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் இரவு ஷிப்ற் செய்கிறவர்கள் நாங்கள், நாலு பேர். எல்லோரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். சங்கீதம் படித்தவர் ஒருவரும் இல்லை. ஒருநாள் பிறேக்கில் எங்களில் ஒருவர் சாப்பிடாமல் இருந்தார். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மியூசிக் பாடத்துக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள்: உன் வீட்டாரின் இசை ஒன்றைக் கொண்டு வா. பிள்ளை போனில் தேடி முதலில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றைக் கொண்டுபோய் விட்டது. இரண்டு கிழமை கழித்துத்தான் தகப்பனுக்குத் தெரியும்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே பிள்ளை?"

"நீங்கள் நித்திரை, அப்பா."

உண்மைதானே. இரவு வேலை செய்கிறவன் பகலில் நித்திரை. ஆனால் அவர் சொன்ன அடுத்த வசனம்தான் எங்களுக்குக் குத்தியது. "எழுப்பிக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிராதடாப்பா."

அங்கே தொடங்கியதுதான் இந்த விளையாட்டு வேலை. எங்களில் ஒருவரின் மனைவி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறார். பன்னிரண்டு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள்தான் பள்ளியை விட்டு முதலில் கழருகிறவர்கள் என்று அவர் சொல்லுவார். அந்த வயதுக்கு ஒரு விளையாட்டுப் பலகை செய்வோம், பாட்டைப் பற்றிய விளையாட்டாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். மட்டைப்பெட்டிக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை.

முதல் முறை செய்தது படுதோல்வி. நூற்றிருபது கேள்வி எழுதினோம். மேளகர்த்தா எத்தனை? சரியான பதில் சொன்னால் மூன்று கட்டம் முன்னே போகலாம். பிள்ளைகள் பத்து நிமிடம் மரியாதைக்காக இருந்தார்கள். பிறகு ஒரு பெடியன் சொன்னான்: "அங்கிள், இது எக்ஸாம்." பாவம், அவன் மிருதங்கத்தில் நாலு கிறேட் முடித்தவன். எம்மவர் பலர் பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்கு அனுப்புவது கிறேட்டுக்கும் அரங்கேற்றத்துக்கும்தானே. ஹோல் எடுத்து, மாலை போட்டு, வீடியோ எடுத்து முடிந்ததும் வீணை கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

எங்கள் பிழை புதிதல்ல என்று பிறகுதான் தெரிந்தது. 1801 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஆன் யங் என்ற பெண், இசையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு விளையாட்டுப் பெட்டிக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். விரித்தால் பலகை, உள்ளே பகடைகளும் குறிகளும். 1803 இல் அதற்கு விளக்கமாக ஒரு புத்தகமும் வெளியிட்டார். இருநூறு வருடத்துக்கு முன்னர் ஒரு பெண் இதைச் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் சுரம், தாளம், இசைக்குறியீடு என்று இலக்கணத்தைப் படிப்பிக்கிற விளையாட்டுத்தான். ஏற்கெனவே பியானோவுக்கு முன்னால் இருத்தப்பட்ட பிள்ளைக்கு அது உதவும். பாட்டே கேட்காத பிள்ளையை அது பாட்டிடம் கூட்டிக்கொண்டு போகாது.

எங்கள் கண்ணைத் திறந்தது 2022 இல் வந்த ஹிட்ஸ்டர் என்ற விளையாட்டு. சுவீடன்காரர்களின் யோசனை. ஒரு அட்டையை எடுத்து, அதில் உள்ள கறுப்புக் கட்டச் சதுரத்தைப் போனால் பிடித்தால் பாட்டு வரும். பெயர் தெரியத் தேவையில்லை. இந்தப் பாட்டு முந்தியதா, அது முந்தியதா என்று ஊகித்து வருட வரிசையில் அட்டையை வைக்க வேண்டும். பத்து அட்டை சேர்த்தவர் வென்றவர். இதில் என்ன விசேஷம் என்றால், முதலில் காது வேலை செய்கிறது, பெயரும் வருடமும் பிறகுதான் வருகின்றன. பிழையாகச் சொன்னவனும் பாட்டைக் கேட்டுவிடுகிறான்.

சரி, இதையே தமிழில் செய்வோம் என்று தொடங்கினால் அடுத்த தடக்கு. எங்கள் பாட்டுகளுக்கு வருடம் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பு வடமோடிக் கூத்துக்கு எந்த வருடம் போடுவது? மலையகத்துக் காமன் கூத்துக்கு? தாலாட்டுக்கு? பிள்ளைகளுக்கோ தாங்கள் பிறப்பதற்கு முந்தியது எல்லாமே "ஓல்ட்". ஒரு கிழமை மண்டையை உடைத்தோம். பிறகு லைனில் வேலை செய்துகொண்டிருக்கும்போது எங்களில் ஒருவர் சொன்னார்: "வருசத்தை விடுங்கோ. எந்த ஊர் எண்டு கேப்பம்."

பலகை அப்படித்தான் வரைபடமானது. இணுவில், மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அட்டன், கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ. பாட்டைக் கேட்டு, இது எங்கேயிருந்து வருகிறது என்று அட்டையை ஊரில் வைக்க வேண்டும். வெளிக்கிட்ட ஊரின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சாட்டும் கிடைத்தது, அது நாங்கள் எதிர்பாராத லாபம்.

இணுவில் கட்டத்தில் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933 இல் பிறந்து 1975 இல் நாற்பத்திரண்டு வயதளவில் மறைந்தவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருது பெற்றது. அந்த ஒலிப்பதிவைப் போட்டபோது பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் அடிக்கிற ஒரு பெடியன் "ரெண்டு பேரா அடிக்கினம்?" என்று கேட்டான். ஒருவர்தான், ஒரு கையில் தடி, மறு கைவிரல்களில் கூடு என்று சொன்னோம். திரும்பப் போடச் சொன்னான். அன்று விளையாட்டு அரை மணித்தியாலம் நின்றுபோனது, நாங்களும் விட்டுவிட்டோம்.

கொழும்புக் கட்டத்தில் இலங்கை வானொலிக் காலத்துப் பொப்பிசை: நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன பைலாத் தாளம் அதற்குள் ஓடுகிறது. அந்தத் தாளத்துக்கு அம்மம்மாமார் கதிரையில் இருந்தபடியே தோளை ஆட்டியதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை எழுத்தில் கொண்டுவர எங்களால் முடியாது.

சில பாட்டுகளுக்கு ஒரு ஊர் போதாது. 2021 இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், எல்லோரும் சென்னையில் வைத்தார்கள். பாட்டை எழுதிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து பிறகு இந்தியாவுக்குப் போனவர் என்று அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அப்படியானால் அட்டனிலும் வைக்கலாமா என்று சண்டை. 1964 ஒப்பந்தத்தில் இலட்சக்கணக்கான மலையக மக்களை இரண்டு அரசுகள் பங்கு போட்டது அந்தச் சண்டையில்தான் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. அட்டையைக் கடல் நடுவில் வைத்தார்கள். விதியில் அதற்கு இடம் இல்லை. பிறகு விதியை மாற்றினோம்.

'சகோதர அட்டை' என்று இன்னொரு வகை. இரண்டு பாட்டைக் கேட்டு, என்ன உறவு என்று பிடிக்க வேண்டும். லண்டனில் ஒவ்வொரு வருடப் பிறப்பு நள்ளிரவிலும் வெள்ளைக்காரர் கைகோத்துப் பாடும் 'ஓல்ட் லாங் சைன்' மெட்டு ஐந்தே சுரத்தில் ஓடுகிறது, எங்கள் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். இந்த நாட்டுத் தேசிய கீதத்தின் மெட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதியிருக்கிறார். கும்பனிக்காரரின் பாண்ட் வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் செய்த நொட்டுஸ்வரப் பாடல்களில் அதுவும் ஒன்று. இதைக் கேட்டதும் சங்கீதம் படித்த ஒரு தாய் "எங்களுக்கு ஏன் இதை ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார்.

பிள்ளைகளின் பாட்டும் வேண்டும் என்று பிள்ளைகளேதான் சண்டை பிடித்து வாங்கினார்கள். அந்த அட்டை வந்தால் பிள்ளை தன் போனில் இருந்து ஒன்றைப் போட வேண்டும், பெரியவர் ஊர் சொல்ல வேண்டும். பெரியவர்களின் அறியாமை அப்போதுதான் வெளியே வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில், எங்கள் சனம் வாடகை வீடு எடுத்திருந்த அதே தெருக்களின் அக்கம்பக்கத்தில் கிரைம் என்ற இசை பிறந்திருக்கிறது. டிஸி ராஸ்கல் 2003 இல் அதற்காக மேர்க்குரிப் பரிசு வாங்கினார். எங்களுக்குத் தெரியாது. ஹவுன்சிலோவில் பிறந்து, ஊரில் வளர்ந்து, சிறு பிள்ளையாக அகதியாய் லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தகப்பன் பெயரில் ஒன்றும் (2005) தாய் பெயரில் ஒன்றும் (2007) என இசைத்தொகுப்பு வெளியிட்டவர். இரண்டாவதில் உறுமி மேளம் அதிருகிறது. "இது எங்கடை ஊர் கோயில்லை கேட்ட சத்தம் போல கிடக்கு" என்று ஒரு தாத்தா சொன்னார். பேத்தி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு புது மரியாதை.

இனிப் புள்ளி போடும் விதம். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் சேர்ந்தது ஒரு சோடி. பாட்டு இருவருக்கும் தெரிந்திருந்தால் ஒரு புள்ளி. ஒருவருக்கு மட்டும் தெரிந்து மற்றவருக்குச் சொன்னால் இரண்டு. இருவருக்கும் தெரியாமல் கடைசி வரை கேட்டு ஊரைக் கண்டுபிடித்தால் மூன்று. தெரியாததற்குத்தான் கூடப் புள்ளி! இதில் எங்கள் பிள்ளைகள் உடனே ஓட்டை கண்டுபிடித்தார்கள். தெரிந்த பாட்டுக்கும் "தெரியாது" என்று முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு மூன்று புள்ளி எடுத்தார்கள். இப்போது எதிர்ச்சோடி நடுவில் பாட்டை நிறுத்தலாம், பொய்க்காரன் தன்னை அறியாமல் அடுத்த வரியை முணுமுணுத்தால் பிடிபட்டான். முணுமுணுக்காமல் இருக்க ஒருவராலும் முடிவதில்லை.

பகடைக்குப் பதிலாக நாலு சோகி. தாயத்தில் போடுவது போலக் குலுக்கிப் போட வேண்டும். எல்லாம் நிமிர்ந்தால் நாலு, எல்லாம் கவிழ்ந்தால் எட்டு. சோகியைக் கண்டிராத பிள்ளைகள் அதைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். இங்கே ஒரு பக்கக் கதை: பிள்ளைகள் வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று நினைக்கும் பாம்பும் ஏணியும் எங்கள் பரமபதத்தின் உறவு, லூடோ இந்தியாவின் பச்சீசியில் இருந்து வந்தது. அகதி விசா இல்லாமலே வந்து குடியேறியவை.

ஒரு கட்டத்துக்குப் பெயர் 'டைனமோ'. அதில் விழுந்தவர் கையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பாட்டும் நிறுத்தப்படும். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

சண்டை இல்லாமல் எங்கள் சனத்தில் ஏதாவது நடக்குமா? இயக்கப் பாட்டுகளை என்ன செய்வது என்று இரண்டு கிழமை எங்களுக்குள்ளேயே பேச்சு முறிந்தது. எங்கள் சிறுவயதில் காதில் விழுந்ததில் பாதி அதுதான், இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் உள்ள சாவுகளை முப்பது செக்கனில் போட்டுப் புள்ளி கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு வெற்று அட்டை வைத்தோம். 'உங்கள் சின்ன வயதில் அதிகம் கேட்ட பாட்டு எது? எங்கே இருந்து கேட்டீர்கள்?' இதற்குப் புள்ளி கிடையாது. பெரியவர் விரும்பினதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

பெரிய சண்டை பறைக்குத்தான். பள்ளி ஹோலில் விளையாடிப் பார்த்த அன்று, பேரனோடு வந்திருந்த ஒரு ஐயா பறை அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "இது சாவீட்டு மேளம். இதை ஏன் பிள்ளையளுக்குக் காட்டிறியள்?"

"வை தாத்தா?" என்று பேரன்.

ஐயா பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிள்ளைகள் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்கள். அப்போது எங்களில் ஒருவர், ஆறு வருடமாக ஒரே பெல்ற்றில் எங்கள் பக்கத்தில் நின்று பாண் அடுக்கியவர், மெல்லச் சொன்னார்: "என்ரை அப்பப்பா அடிச்சவர். ஊரிலை ஆற்றை வீட்டுச் சாவெண்டாலும் அவர்தான் போகவேணும். காசு தாறவை, வாசலுக்குள்ளை விடமாட்டினம்."

ஆறு வருடம். ஒரே தேத்தண்ணி, ஒரே பஸ். நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும், அதுதான் வெட்கம். தவில்காரரையும் நாதஸ்வரக்காரரையும் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிற நாங்கள், ஊரில் அவர்களுக்கும் எந்த இடத்தில் பாய் போட்டோம் என்பதை மறந்துவிட்டோம். கடல் தாண்டி வந்தபோது நகைகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், இதைத் தொலைத்தவர்கள் குறைவு.

அந்தப் பேரன்தான் அடுத்துப் பேசினான். "எப்படி அடிக்கிறது?" என்று கேட்டான். அவர் தேத்தண்ணி மேசையில் இருந்து இரண்டு கரண்டியை எடுத்து, பிளாஸ்ரிக் மேசையில் ஒரு அடியைத் தொடங்கினார். முதலில் கை நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. ஐயா எழும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும். பறை அட்டை பலகையில் இருக்கிறது. பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்று அந்த நண்பரையே கேட்டோம், அவர் எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

வீட்டுவேலைப் பிள்ளையும் அன்று தகப்பனோடு வந்திருந்தது. அவர்களுக்கு வெற்று அட்டை விழுந்தது. அவர் வெகு நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1995 இல் இடம்பெயர்ந்து போகும்போது தாய் முன்னால் நடந்தபடி வாய்க்குள் பாடிக்கொண்டு வந்த ஒன்றைப் பற்றிச் சொன்னார். என்ன பாட்டு என்று அவருக்கு இன்றும் தெரியாது. மெட்டை மட்டும் முணுமுணுத்தார். மகள் அதைப் போனில் பதிவு செய்தாள்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் சட்டம் பற்றி இரண்டு சொல். விளையாட்டின் விதிகளுக்கு மட்டும் இந்த நாட்டில் காப்புரிமை கிடையாது, 1977 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே எங்கள் விதிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான விளையாட்டுப் பொருளை விற்பதென்றால் பாதுகாப்புப் பரிசோதனை விதிகள் உண்டு, அதனால் நாங்கள் விற்கவில்லை. பாட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் கூடாது, உரியவர்கள் வெளியிட்ட இடத்துக்கு அட்டையில் வழி மட்டும் காட்டுகிறோம். வீட்டில் போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், பொது மண்டபம் என்றால் அதற்கு இசை அனுமதி இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள்.

இப்போது பதினொரு பெட்டி செய்திருக்கிறோம், எல்லாம் கையால் வெட்டியது. மன்னார்க் கட்டமும் முல்லைத்தீவுக் கட்டமும் மெலிந்து கிடக்கின்றன. அண்ணாவிமார் பாடிய நாட்டுக்கூத்து, கோவலன் கூத்து, கிழக்கு முஸ்லிம் மக்களின் றபான் பாட்டு என்று எதையாவது ஒரு கசற்றில் பதிந்து பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தால் சஞ்சிகைக்கு எழுதுங்கள். நாங்கள் வந்து கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். கசற் பிளேயர் வைத்திருப்பவர்களும் எழுதலாம். எங்களுடையது போன மாதம் நாடாவைத் தின்றுவிட்டது.